பழைய மரத்தரை: தேய்ப்பதற்கு முன் கனத்தை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு புதுப்பிப்பது பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளில் பழைய மரத்தரைக்கு இரண்டே வைத்தியம்தான் சொல்கிறார்கள். ஒன்று, பெயர்த்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவது. மற்றொன்று, தேய்க்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறில் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடுவது. முதலாவது பெரும்பாலும் தேவையில்லாத செலவு. இரண்டாவதில் ஆபத்து அதிகம். மரத்தரை வேலையையே தொழிலாகக் கொண்ட நாங்கள், இந்த அவசரத்தால் வீணாகும் தரைகளைத் தொடர்ந்து பார்க்கிறோம். அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பழைய பலகையின் மதிப்பு அதில் மிச்சமிருக்கும் கனத்தில் இருக்கிறது. முழு மரத்தில் அறுத்த பலகை வழக்கமாக 19 அல்லது 20 மி.மீ. கனம் இருக்கும். ஆனால் அவ்வளவையும் தேய்த்துவிட முடியாது. பலகையின் ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் இருக்கும்; ஒன்றின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் உட்கார்ந்திருக்கும். நாக்குக்கு மேலே இருப்பது ஏறக்குறைய 6 மி.மீ. மட்டுமே. தேய்த்துச் செலவழிக்கக் கிடைப்பது அதிலிருந்துதான். மெஷின் வைத்து ஒரு முறை முழுதாகத் தேய்த்தால் அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை போய்விடும். கைப்பழக்கம் இல்லாதவர் தேய்த்தால் இன்னும் கூடுதலாகப் போகும். காடியின் மேல் உதடு மெலிந்துபோனால் நடக்கும்போதே விளிம்பு சிம்பு சிம்பாகப் பிளந்து காலில் ஏறும். நாக்கில் மறைவாக அடித்திருந்த ஆணிகளின் தலையும் மேலே தெரியத் தொடங்கும். அப்படி ஆணித்தலைகள் வரிசையாகத் தெரிந்தால், அந்தத் தரையை மெஷினால் தேய்க்கும் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அளப்பது சுலபம். வாசல் நிலையின் அடிப்பட்டையையோ காற்றுத் துளை மூடியையோ கழற்றினால் பலகையின் வெட்டுமுகம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு வழியில்லை என்றால், இரண்டு பலகைக்கு நடுவே இடைவெளி உள்ள இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டைச் செங்குத்தாக இறக்குங்கள். நாக்கில் முட்டி நின்றதும் தரை மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். அறையின் நடுவிலும் ஓரத்திலும் நடைபாதையிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரே அறையில் 1 மி.மீ. வித்தியாசம் இருப்பது சாதாரணம். நாக்குக்கு மேலே 3 மி.மீ.க்கும் அதிகமாக மரம் இருந்தால் கவலையில்லை. 2-க்கும் 3-க்கும் இடையில் என்றால் இலேசாக ஒரு முறை தேய்க்கலாம். அதற்கும் கீழே என்றால் டிரம் மெஷினை (உருளையில் உப்புத்தாள் சுற்றித் தேய்க்கும் மெஷின்) கிட்டே கொண்டுவரக் கூடாது. வெட்டுமுகத்தில் ஒட்டுப்பலகைபோல் அடுக்குகள் தெரிந்தால் அது முழு மரமே அல்ல, மேலே மெல்லிய மரத் தகடு ஒட்டியது. அந்தத் தகடு 1 மி.மீ.க்கும் குறைவாக இருக்கலாம், 6 மி.மீ.கூட இருக்கலாம். அளக்காமல் தொட்டால் ஒரே ஓட்டத்தில் அடியிலிருக்கும் ஒட்டுப்பலகை வெளியே வந்துவிடும். பிறகு அதற்குப் பரிகாரம் இல்லை.

அடுத்து, உண்மையிலேயே தேய்க்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மங்கித் தெரிவதெல்லாம் தேய்ந்த தரை அல்ல. அதிகம் நடமாடும் இடத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். நீர் உருண்டையாக நின்றால் பழைய பூச்சு உயிரோடு இருக்கிறது. ஊறி மரம் கறுத்தால் பூச்சு போய்விட்டது. சொட்டு விழுந்த இடம் வெளுத்தால் மேலே மெழுகு இருக்கிறது. வெள்ளைத் துணியை டர்பன்டைனில் நனைத்துத் துடைத்தாலும் மெழுகு மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஏறிவரும். மெழுகின் மேல் அடித்த பாலியூரித்தேன் வார்னிஷ் பிடிக்காது. மீன்கண்போல் குழிகுழியாக விலகி நிற்கும். பூச்சு நன்றாக இருந்து, மெழுகும் இல்லாவிட்டால், தரையைச் சுத்தமாகத் துடைத்து, 120 அல்லது 150 நம்பர் வலைத்தாளால் (வலைபோன்ற உப்புத்தாள்) மேற்பூச்சை மட்டும் சொரசொரப்பாக்கி, இன்னொரு கோட் அடித்தால் போதும். மரத்தில் ஒரு மயிரிழைகூடக் குறையாது. தேய்த்தே தீர வேண்டும் என்று எங்களைக் கூப்பிடுபவர்களில் பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. கேட்கச் சப்பென்று இருப்பதாலோ என்னவோ, நம்ப மறுக்கிறார்கள்.

தரைக்குப் பெயின்ட் அடித்திருந்தால் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் உலர் தேய்ப்பு செய்யக் கூடாது. வீடுகளுக்கான ஈயப் பெயின்டை அமெரிக்கா தடை செய்ததே 1978-இல்தான். பல நாடுகளில் அதற்கும் பிறகுதான். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதுபோலவே, மரத்தின் மேல் பழைய ஓடுகளையும் கறுப்புத் தார்ப் பசையையும் ஒட்டியிருந்தால் அவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். சுரண்டுவதற்கு முன் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி ஈரம். தேய்ப்பில் நடக்கும் பெரிய தவறுகள் பாதிக்குமேல் இங்கேதான் தொடங்குகின்றன. பலகைகளின் இரு விளிம்பும் தூக்கி, நடு பள்ளமாகக் கிண்ணம்போல் வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலகையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஈரமாக இருப்பதே அதற்குக் காரணம். அடி ஊதிப் பெருக்கிறது, மேல்புறம் அப்படியே இருக்கிறது, அதனால் விளிம்பு தூக்குகிறது. இதைப் பார்த்ததும் மெஷினைப் போட்டுச் சமமாக்கிவிடலாம் என்று தோன்றும். அன்றைக்குத் தரை கண்ணாடிபோல் ஆகிவிடும். சில மாதத்தில் அடி ஈரம் காய்ந்து, பலகை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஆனால் தூக்கி நின்ற விளிம்புகளை நாம் ஏற்கெனவே சீவிவிட்டோம். இப்போது விளிம்பு தாழ்ந்து, நடு முதுகுபோல் எழும்பி நிற்கும். அதைச் சரிசெய்ய மறுபடி தேய்க்க வேண்டும். காய்வதற்குக் காத்திருந்தால் ஒரு முறையில் முடிந்திருக்கும், அல்லது தேய்க்கவே வேண்டியிருக்காது. பொறுமையின்மைக்கு இரண்டு மி.மீ. மரம் போய்விட்டது.

ஆகவே முதலில் ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள். குழாய்க் கசிவு, தரைக்கு அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டிருப்பது, கீழே வெறும் மண்ணிலிருந்து எழும் ஆவி ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். வெறும் மண் என்றால் 0.15 மி.மீ. அல்லது அதைவிடக் கனமான பிளாஸ்டிக் விரிப்பை ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து மூடலாம். அதன்பின் ஈரமானியை வைத்துப் பலகையிலும், அதைத் தாங்கும் சட்டத்திலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 75 மி.மீ.க்குக் குறைவான அகலமுள்ள பலகை என்றால் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 4 சதவீதத்துக்குள் இருக்கலாம்; அதைவிட அகலமான பலகைக்கு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை அளந்து, எண் மாறாமல் நின்ற பிறகே அடுத்த வேலை. இதற்குச் சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். சூடான காற்றை ஊதி அவசரமாகக் காயவைத்தால் மேல்புறம் மட்டும் சுருங்கி வெடிக்கும்.

மற்ற வேலைகளின் வரிசையும் ஈரத்தோடு சம்பந்தப்பட்டதுதான். சுவர்ப் பூச்சு, குழாய் வேலை, கூரைப் பெயின்ட் எல்லாம் முடிந்து, பூச்சு நன்றாகக் காய்ந்த பின்னரே தரை. ஈரச் சிமென்ட் காய்கிறபோது அறைக் காற்றில் விடும் நீரை மரம் உறிஞ்சிக்கொள்ளும். இடைப்பட்ட காலத்தில் தரையை மூட வேண்டுமென்றால் காற்றுப் போகும் தடித்த அட்டை போடுங்கள். பிளாஸ்டிக் போட்டால் அடியில் வியர்த்துவிடும்.

சில சமயம் தரையைப் பெயர்த்தே ஆக வேண்டும். சட்டங்கள் உளுத்திருக்கலாம், சுவர் மாற்றுவதாக இருக்கலாம், அல்லது இடிக்கப்போகும் வீட்டின் பலகையை வேறோர் இடத்தில் பதிக்கலாம். ஆயுதத்தைவிட வரிசையும் கைப்பக்குவமும்தான் இதில் முக்கியம். ஸ்கர்ட்டிங் பட்டைகளை எண் எழுதிக் கழற்றுங்கள். பிறகு நாக்கு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். தரை போட்டவர் கடைசியாகப் பதித்த சுவரோரம்தான் நாம் தொடங்கும் இடம். நாக்குகள் அந்தச் சுவரைப் பார்த்திருக்கும். அங்குள்ள ஓரிரு பலகைகளைப் பலிகொடுத்தே ஆக வேண்டும். வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்குச் சரியாக வைத்து, நடுவில் நீளவாட்டில் இரண்டு கோடு அறுத்து, நடுத்துண்டை உளியால் எடுத்துவிடுங்கள். ஆழம் கூடினால் சட்டம் அறுபடும். அடியில் ஓடும் மின்கம்பியும் அறுபடலாம். அந்த இடத்தின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டே ரம்பத்தைத் தொடுங்கள்.

வழி கிடைத்துவிட்டால் அடுத்த பலகையை நாக்குப் பக்கத்திலிருந்து, ஆணி இருக்கும் இடத்துக்கு நேர் அடியில், சட்டத்தின் மேல் கம்பியை ஊன்றி நெம்ப வேண்டும். ஒரே ஆணியை முழுதாகப் பிடுங்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சட்டத்திலும் விரல்கனம் தூக்கிக்கொண்டே பலகையின் கடைசி வரை போய், மறுபடி முதலிலிருந்து வாருங்கள். இரண்டாவது மூன்றாவது சுற்றில் பலகை தானாக எழும்பிவிடும். சட்டங்களுக்கு நடுவே நெம்பினால் பலகை வளைந்து நாக்கு நீளவாட்டில் பிளக்கும். நாக்கு போன பலகை பாதி உபயோகம் போன பலகை.

ஆணி எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழக்க தோஷத்தில் எல்லோரும் கூர்முனையைச் சுத்தியலால் தட்டி, வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள். ஆணித்தலை வெளியேறும்போது முகத்திலும் நாக்கிலும் மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும். அதற்குப் பதிலாகப் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, கூர்முனையைக் குறட்டால் இறுகப் பிடித்து, குறட்டின் வளைவை மரத்தில் உருட்டிப் பின்பக்கமாகவே இழுத்துவிடுங்கள். சிறிய தலை கொண்ட ஆணி மரத்துக்குள்ளாக வந்துவிடும். முகத்தில் காயம் படாது. பழைய தட்டை ஆணிகள் ஆப்புபோல் ஒரு பக்கம் அகன்றிருப்பதால் இப்படி வர மறுக்கும். அவற்றைப் பின்புறம் சமமாக வெட்டிவிட்டு விட்டுவிடலாம். எல்லாம் முடிந்ததும் பலகை நெடுகக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஒரே ஓர் ஆணி போதும், தேய்ப்புத்தாள் கிழிய.

எடுத்த பலகையில் ஐந்தில் ஒரு பங்காவது சேதமாகும் என்று கணக்கு வையுங்கள். 20 சதுர மீட்டர் பதிக்க வேண்டுமென்றால் கையில் 25 சதுர மீட்டர் இருப்பது நல்லது. அகலம், கனம் இரண்டையும் பார்த்துத் தரம் பிரித்துக் கட்டுங்கள். கனம்தான் அதில் பெரிய வம்பு: இரண்டு அறைகளின் பலகைகள் ஒரே ஆலையில் வந்தவையாக இருந்தாலும், ஒரு அறை ஒரு முறை கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தால் சேர்த்துப் பதிக்கும்போது படிபோல் ஏறி இறங்கும். அதைச் சமப்படுத்தக் கனமான பலகையைத் தேய்த்து மெலிந்ததன் அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அடுக்கும்போது நடுவில் ஒரே கனமான குச்சிகளை 40 முதல் 50 செ.மீ.க்கு ஒன்றாக வைத்து, காற்றோட்டம் விட்டு, பதிக்கப்போகும் அறையிலேயே வைத்திருங்கள். காடிக்குள் பல காலத் தூசியும் மெழுகும் கல்போல் இறுகியிருக்கும். அதை மெல்லிய உளியால் சுரண்டாவிட்டால் புதிய இடத்தில் எவ்வளவு தட்டினாலும் மூட்டு சேராது.

திரும்பப் பதிக்கும்போது நாக்கின் மேல் 45 பாகைச் சாய்வில், 20 முதல் 25 செ.மீ.க்கு ஓர் ஆணி. நுனிகளில் விளிம்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி அடியுங்கள், பழைய மரம் வறண்டு கடினமாக இருக்கும், துளை போடாமல் அடித்தால் பிளக்கும். அடுத்தடுத்த வரிசைகளின் முனை மூட்டுகள் குறைந்தது 15 செ.மீ. விலகியிருக்க வேண்டும். சுவரோரம் சுற்றிலும் 12 முதல் 20 மி.மீ. இடைவெளி, ஸ்கர்ட்டிங் அதை மறைத்துக்கொள்ளும். மரம் நீளவாட்டில் அநேகமாக நகராது, அகலவாட்டில்தான் பெருத்துச் சுருங்கும். இடம் விடாவிட்டால் ஈரமான பருவத்தில் தரை நடுவில் தூக்கிக்கொள்ளும்.

பெயர்க்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பலகை மாற்றுவதானால் ஜோடிப் பலகையை வெளியே தேடாதீர்கள். நிலைத்த அலமாரிக்கு அடியிலும் மூலைகளிலும் அதே வயது, அதே நிறப் பலகை கிடக்கும். அதை எடுத்து நடு அறையில் போட்டுவிட்டு, புதியதை அலமாரிக்கு அடியில் போடுங்கள். மாற்றுப் பலகையின் காடியில் கீழ் உதட்டை அறுத்துவிட்டால் மேலிருந்து இறக்கி உட்காரவைக்கலாம்.

பூச்சி அரித்த இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். துளைகள் பழையவையாக இருந்து, தூசி விழாமல், மரம் கெட்டியாக இருந்தால் பயமில்லை. மாவுபோல் புதுத்தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. மரத்தின் வெளிப்புற வெளிறுப் பகுதியைத்தான் அது விரும்பித் தின்னும், வைரம் பாய்ந்த பகுதியை அநேகமாகத் தொடாது. மருந்தடித்த பிறகே மற்ற வேலை. நடக்கும்போது கிரீச்சிட்டால் ஆணிக்குழி பெரிதாகி, பலகை ஆணியோடு உராய்கிறது என்று பொருள். அடியிலிருந்து போக முடிந்தால் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே பசை தடவிய மெல்லிய ஆப்பை நுழைத்துவிடுங்கள். ஓங்கி அடிக்காதீர்கள், பலகை தூக்கிவிடும்.

பலகை இடைவெளிகளில் மக்கு (புட்டி) அடைப்பதைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 2 மி.மீ. வரையான இடைவெளியை விட்டுவிட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. வறண்ட பருவத்தில் திறந்து, ஈரப் பருவத்தில் மூடும் இடைவெளி அது. அதில் மக்கு வைத்தால் ஒன்று பிதுங்கி வெளியே வரும், அல்லது உடைந்து துகளாகும். எப்போதும் அகலமாகவே இருக்கும் இடைவெளிக்கு அதே மரத்தின் சீவலை இழைத்து, ஒரு பக்கம் மட்டும் பசை தடவி இறக்கலாம். இரண்டு பக்கமும் ஒட்டினால் மரம் சுருங்கும்போது அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வெடிக்கும்.

தேய்ப்புக்கு வருவோம். ஆணித்தலைகளையெல்லாம் பஞ்ச் வைத்து 3 மி.மீ. உள்ளே இறக்கிவிடுங்கள். எந்த நம்பர் உப்புத்தாளில் (நம்பர் குறையக் குறையத் தாள் சொரசொரப்பு கூடும்) தொடங்குவது என்பதில்தான் மரம் மிச்சமாவதும் வீணாவதும். பலரும் கண்ணை மூடிக்கொண்டு 36-இல் தொடங்குகிறார்கள். மூலையில் ஓரிடத்தில் 60 போட்டு இரண்டு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். பழைய பூச்சு போய்விட்டால் 36-க்கு வேலையே இல்லை. தாள் அடைத்துக்கொண்டு சூடேறினால் 40-க்கு இறங்குங்கள், அதற்கும் மசியாவிட்டால் 36. அங்கிருந்து 60, 80, 100 என்று படிப்படியாக ஏற வேண்டும். 36-இலிருந்து நேராக 80-க்குத் தாவினால் 36 போட்ட ஆழமான கீறல்களை 80 எடுக்காது. அது வெறும் மரத்தில் தெரியவும் தெரியாது. வார்னிஷ் பட்டவுடன் பளிச்சென்று தெரியும். அடுத்த தாளுக்கு மாறும் முன் தரையில் பென்சிலால் இலேசாகக் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் முழுதும் போகும்வரை ஓட்டுங்கள். விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்துப் பார்த்தால் கீறல் எதுவும் தப்பாது.

டிரம் மெஷின் நகர்ந்துகொண்டிருக்கும்போதே டிரம் தரையைத் தொட வேண்டும். நகர்ந்துகொண்டிருக்கும்போதே எழும்ப வேண்டும். ஒரு நொடி நின்றாலும் அங்கே பள்ளம் விழும். மர ரேகையின் திசையிலேயே முன்னே போய், அதே தடத்தில் பின்னே வந்து, 5 முதல் 10 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த ஓட்டம். மேடுபள்ளமான தரைக்கு மட்டும் முதல் தாளை ரேகைக்குச் சற்றுச் சாய்வாக ஓட்டலாம். அறையின் மூன்றில் இரண்டு பங்கை ஒரு திசையிலும் மீதியை எதிர்த்திசையிலும் முடிக்கும்போது, இரண்டும் சேரும் இடம் எல்லா நம்பருக்கும் ஒரே கோட்டில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் அங்கே வாய்க்கால்போல் ஒரு தாழ்வு உண்டாகிவிடும். ஓரத்துக்கு எட்ஜர் என்ற சிறு தேய்ப்பு மெஷின், மூலைக்குச் சுரண்டி. எட்ஜர் வட்ட வட்டமாகக் கீறும். அதையும் நடுவில் போட்ட அதே நம்பர்கள் வழியாகவே கொண்டுபோய், கடைசியில் சிறு ஆர்பிட்டல் மெஷினால் ஓரத்தையும் நடுவையும் கலந்துவிடாவிட்டால், அறையைச் சுற்றிப் படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் நிறம் மாறித் தெரியும். 100 அல்லது 120-க்கு மேல் போகாதீர்கள். மரம் மெருகேறிவிட்டால் எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்காது.

ஒவ்வொரு நம்பருக்கும் இடையே வாக்குவம் அவசியம். முந்தைய தாளின் ஒரு துகள் அடுத்த தாளின் கீழே மாட்டினால் நீளமாக ஒரு கீறல். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கைக்குட்டை கட்டினால் போதாது, சரியான முகக்கவசம் வேண்டும். தூசுப்பையை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே வெளியே கொண்டுபோய் இரும்புத் தொட்டியில் கொட்டுங்கள். ஆணியில் உரசிய ஒரு பொறி பைக்குள் புகைந்துகொண்டே இருந்து, ஆள் போன பிறகு இரவில் பற்றிக்கொள்ளும்.

இரும்பு பட்டுக் கறுத்த கறைகள் தேய்த்தால் போகாது. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்குச் சுமார் 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, கறையில் மட்டும் அல்லாமல் பலகை முழுதும் தடவுங்கள். காய்ந்ததும் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுத்து, ஓரிரு நாள் உலரவிடுங்கள். இது நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்த உப்பை எக்காரணம் கொண்டும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள்.

பூச்சு வகைகள் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் முடிவு எளியது. கனம் நிறைய உள்ள தரைக்குப் பாலியூரித்தேன். மெலிந்துபோன தரைக்கு மெழுகெண்ணெய். பாலியூரித்தேன் உழைக்கும், ஆனால் ஓரிடம் மரம் வரை தேய்ந்துவிட்டால் அங்கே மட்டும் ஒட்டுப்போட முடியாது. மெழுகெண்ணெயை ஓரிடத்தில் மட்டும் துடைத்துப் பூசிக்கொள்ளலாம், தேய்ப்பு மெஷின் வேண்டியதில்லை. அதை மிக மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது.

பாலியூரித்தேனுக்கு ஒரு லிட்டர் ஒரு கோட்டில் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். 20 சதுர மீட்டர் அறைக்கு மூன்று கோட் என்றால் 6 லிட்டர் வாங்குங்கள். டின்களை ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டால் பளபளப்பு ஒரே சீராக இருக்கும். குலுக்காதீர்கள், குமிழ் விழும். அடியில் படிந்திருக்கும், பளபளப்பைக் குறைக்கும் மங்கல் பொடியைக் குச்சியால் வழித்துக் கிளறுங்கள். எண்ணெய் வகை மஞ்சளாகும், ஒரு கோட் காய ஓர் இரவு வேண்டும். தண்ணீர் வகை 2 முதல் 4 மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயார்; முதல் கோட்டில் மரநார் எழும்புவதால் 220-ஆல் இலேசாகத் தடவிவிட வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் கனமாக அடித்து எண்ணிக்கையைக் குறைக்கப் பார்ப்பவர்களுக்கு மேலே சுருக்கமும் உள்ளே பச்சையும்தான் கிடைக்கும். தேக்குக்கு ஒரு எச்சரிக்கை: அதில் இயற்கையாக உள்ள எண்ணெய், எண்ணெய் வகைப் பாலியூரித்தேனைக் காயவிடாது. அடிப்பதற்குச் சற்று முன் கரைப்பானால் துடைத்துவிடுங்கள், அல்லது மெழுகு நீக்கிய அரக்கை முதல் கோட்டாகப் பூசிவிடுங்கள். தூர மூலையில் தொடங்கி வாசலில் முடியுங்கள். நேரடியாக மின்விசிறி வேண்டாம்.

எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் போடுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் உண்டாக்கும். சுருட்டிய துணிக்குள் வெப்பம் வெளியேற வழியின்றி, தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிறைந்த இரும்பு டின்னில் போட்டு மூடுங்கள்.

காலுறையோடு மறுநாளே நடக்கலாம். நாற்காலி, கட்டில்களைச் சில நாள் கழித்து, காலடியில் கம்பளி வில்லை ஒட்டித் தூக்கி வையுங்கள், இழுக்காதீர்கள். விரிப்பு போடத் தண்ணீர் வகைக்கு இரண்டு வாரமும் எண்ணெய் வகைக்கு ஏறக்குறைய ஒரு மாதமும் பொறுக்க வேண்டும். நீராவி மாப், சொட்டச் சொட்ட நனைத்த துணி இரண்டும் மரத்தரைக்கு ஆகாது. நடைபாதையில் பளபளப்பு மங்கத் தொடங்கும்போதே வலைத்தாளால் சொரசொரப்பாக்கி ஒரு கோட் அடித்துவிடுங்கள். மரம் சாம்பல் நிறமாகிவிட்டால் நீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். அதன்பின் மேற்பூச்சால் பயனில்லை, மெஷின்தான் வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மரத்தரைப் பணி செய்யும் வாசகர்கள் சிலர்